பூஞ்சையைத் தடுக்கும் மூலிகைச் சாறுகள்: எது, எப்படி, எப்போது வேலை செய்கிறது?

ஜனவரிக் கடைசியில் லால்பாக்கின் குடியரசு நாள் மலர்க்காட்சி முடிந்ததும், பெங்களூரில் பல வீடுகளின் பால்கனியிலும் மொட்டைமாடியிலும் புதிய ரோஜாத் தொட்டிகள் வந்து சேரும். பகலில் இதமான வெயில், இரவில் குளிரும் ஈரமும் என்று இருக்கும் அந்தப் பருவத்தில், வாங்கி வந்த சில வாரங்களுக்குள் இளந்தளிர்களில் கோலமாவைத் தூவியது போல ஒரு வெண்பூச்சு படர்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதற்குச் சாம்பல் நோய் என்று பெயர். அது ஒரு பூஞ்சை.

அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு பெண், தன் ரோஜாக் கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார்: “அக்கா, மஞ்சள் கிருமிநாசினின்னு பாட்டி காலத்துலேர்ந்து சொல்றாங்களே. ரெண்டு வாரமா மஞ்சத்தண்ணி அடிக்கிறேன். இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு, இந்த வெள்ளை மட்டும் ஏன் போகலை?”

தாவர நோய்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்டார். கேள்வி மிகச் சரியானது. மூலிகைச் சாறுகளைப் பற்றிக் கைபேசியில் வரும் செய்திகள், வேம்பு எல்லாப் பூஞ்சையையும் கொன்றுவிடும், பூண்டுக்கு மிஞ்சிய மருந்தில்லை, இயற்கையானது என்பதால் கெடுதலே இல்லை என்றெல்லாம் சொல்கின்றன. மறுபக்கத்தில், இவை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சாற்றுக்குள் எந்தப் பொருள் இருக்கிறது, அது பூஞ்சையின் எந்த இடத்தில் போய்ப் படுகிறது என்று இரு தரப்பும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் எந்தச் சாற்றை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை நாமே முடிவுசெய்துகொள்ள முடியும்.

முதலில், பூஞ்சை என்பது என்ன?

மழைக்காலத்தில் பிரெட்டின் மேலும், ஈரம் பட்ட எலுமிச்சையின் மேலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ படர்வதும் பூஞ்சைதான். நம் கண்ணுக்குத் தெரியும் அந்தப் பஞ்சுப் படலம், நூலைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளின் பின்னல். ஒவ்வோர் இழையும் தன் நுனியில் செரிமானச் சாறுகளைக் கசிய விட்டு, சுற்றியுள்ள பொருளைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் உண்ட பிறகு செரிக்கிறோம். பூஞ்சை செரித்த பிறகு உண்கிறது.

இழைகள் முதிர்ந்ததும் வித்துகளை உண்டாக்கும். வித்து என்பது காற்றிலும் நீரிலும் பரவக்கூடிய, தூசியளவேயான பூஞ்சையின் விதை. ரோஜா இலையின் வெண்பூச்சை விரலால் தேய்த்தால் ஒட்டும் மாவில் ஆயிரக்கணக்கான வித்துகள் இருக்கும். ஒரு வித்து இலையின் மேல் விழுந்து, முளைவிட்டு, தோலைத் துளைத்து உள்ளே நுழைவதற்குச் சில மணிநேரம் தேவைப்படுகிறது. இந்தச் சில மணிநேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் பலவும் இதைச் சார்ந்தவை.

பூஞ்சையின் உடலில் இரண்டு இடங்கள் நமக்கு முக்கியமானவை. வெளிச்சுவர், இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின் என்ற பொருளைக் கொண்டது. அந்தச் சுவருக்கு உள்ளே, உயிரணுவைச் சுற்றி எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. நம் உடலின் சவ்வுகளுக்குக் கொலஸ்டிரால் எப்படி உறுதி தருகிறதோ, அப்படிப் பூஞ்சையின் சவ்வுக்கு உறுதி தருவது எர்கோஸ்டீரால் என்ற பொருள். படர்தாமரைக்குத் தடவும் க்ளோட்ரிமசோல் களிம்பும், வயலில் தெளிக்கும் ஹெக்சாகோனசோலும் இந்த எர்கோஸ்டீரால் உண்டாவதைத்தான் தடுக்கின்றன. தோலுக்கான மருந்தும் பயிருக்கான மருந்தும் ஒரே இடத்தில் அடிப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

செடி ஏன் மருந்தைச் சேர்த்து வைத்திருக்கிறது?

செடிக்கு ஓடி ஒளிய வழியில்லை. மண்ணிலும் காற்றிலும் எப்போதும் பூஞ்சை வித்துகள் இருக்கும் உலகில் நின்ற இடத்திலேயே வாழ வேண்டிய உயிர் அது. ஆகவே அது தன் திசுக்களுக்குள் கசப்பாக, காரமாக, மணமாகப் பல பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வேப்பங்கசப்பும் ஓமத்தின் நெடியும் கிராம்பின் காரமும் நமக்காக உண்டானவை அல்ல; அந்தச் செடிகளின் சொந்தப் பாதுகாப்புக்கு உண்டானவை.

இதை ஓட்ஸ் பயிரில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஓட்ஸின் வேரில் சப்போனின் வகையைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. சப்போனின் என்பது நீரில் கலக்கினால் சோப்பைப் போல நுரைக்கும் தாவரப் பொருள். பூந்திக்கொட்டையின் நுரைக்குக் காரணமும் அதுவே. கோதுமை வேரை அழுகச் செய்யும் ஒரு பூஞ்சை ஓட்ஸை அண்டுவதில்லை. அந்தச் சப்போனினை உண்டாக்க முடியாத ஓட்ஸ் செடிகளைப் பிரிட்டனில் ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்தபோது, அதே பூஞ்சை அவற்றைத் தாக்கியது. அந்த முடிவு 1999 இல் வெளிவந்தது. ஒரு பொருள் இருந்தால் காப்பு, இல்லாவிட்டால் நோய் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம்.

ஆக, மூலிகையில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்தப் பொருள் செடிக்குள்ளிருந்து நம் தெளிப்பானுக்குள் வந்து சேர்கிறதா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சாறு எடுப்பதும் டிகாக்ஷன் இறக்குவதும்

ஃபில்டரில் காபிப் பொடியைப் போட்டுக் கொதிநீர் ஊற்றினால் முதல் டிகாக்ஷன் கெட்டியாக இறங்குகிறது. அதே பொடியில் மறுபடி ஊற்றினால் நிறம் வருகிறது, திடம் வருவதில்லை. பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இன்னும் குறைவாகவே இறங்கும். பொடி ஒன்றுதான், எதை ஊற்றுகிறோம், எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து இறங்குவது மாறுகிறது. மூலிகைச் சாறும் அப்படித்தான். ஒரு பொருளைத் தன்னுள் கரைத்து வெளியே கொண்டுவரும் திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர். தண்ணீர், சாராயம், எண்ணெய் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கரைப்பான்கள். ஒரே இலையிலிருந்து மூன்றும் மூன்று வெவ்வேறு சாறுகளைத் தரும்.

மஞ்சளுக்கு வருவோம். வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை பட்டால் எவ்வளவு தண்ணீர் விட்டு அலசினாலும் போவதில்லை. அதே மஞ்சளைத் தாளிப்பு எண்ணெயில் ஒரு சிட்டிகை போட்டால் நொடியில் எண்ணெய் முழுவதும் நிறம் ஏறிவிடும். மஞ்சளின் நிறத்துக்கும் அதன் மருத்துவப் புகழுக்கும் பெருமளவு காரணமான குர்குமின், தண்ணீரில் கரைவதேயில்லை என்று சொல்லும் அளவுக்கு அரிதாகக் கரையும் பொருள். எண்ணெயிலும் சாராயத்திலும்தான் கரையும். அந்தக் கறை படிந்த வேட்டியை வெயிலில் காயப்போட்டால் இரண்டொரு நாளில் மங்கிப்போகும் என்பதும் நம் வீட்டார் அறிந்ததே. குர்குமினை ஒளி சிதைப்பதால் நிகழ்வது அது.

இப்போது மூன்றாம் மாடிப் பெண்ணின் தெளிப்பானைப் பாருங்கள். அவர் தெளித்தது மஞ்சள் கரைந்த நீரன்று. மஞ்சள் துகள்கள் மிதக்கும் நீர். துகள் இலைமேல் படிந்து நிறத்தைக் காட்டியது. அதிலுள்ள குர்குமின் பூஞ்சையின் சவ்வைச் சென்றடையவில்லை. இலைமேல் கிடந்ததையும் மாடி வெயில் சிதைத்தது. இலை மஞ்சளானதும் வெள்ளை போகாததும் ஒரே காரணத்தால் நடந்தவை.

பூண்டின் கதை வேறு. முழுப் பூண்டுப் பல்லை உரித்து முகர்ந்தால் பெரிய நெடி இருக்காது. நசுக்கியதும் கண்ணில் நீர் வரும். முழுப் பல்லில் இருப்பது அல்லீன் என்ற மணமற்ற பொருள். அதை மாற்றும் நொதி அதே பல்லில் தனி அறையில் அடைபட்டிருக்கிறது. நொதி என்பது ஒரு பொருளை வேறொன்றாக விரைந்து மாற்றும் புரதம். நசுக்கும்போது அறைகள் உடைந்து இரண்டும் கலக்க, அல்லிசின் உண்டாகிறது. கவாலிட்டோ, பெய்லி என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் 1944 இல் அதைப் பிரித்தெடுத்து, அதுவே பூண்டின் கிருமி எதிர்ப்புக்குக் காரணம் என்று காட்டினார்கள்.

சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். பூண்டுக் குழம்பில் முழுதாக வெந்த பல் இனிப்பாகவும் மென்மையாகவும் இருப்பது அதனால்தான். ஆகவே, பூண்டை முழுதாகக் கொதிக்க வைத்து அந்த நீரைத் தெளிக்கச் சொல்லும் குறிப்புகளில் மருந்து பிறக்கும் முன்பே அழிந்துவிடுகிறது. பச்சையாக நசுக்கி, பத்து நிமிடம் விட்டு, பிறகு நீர் சேர்த்து வடிகட்டி, அன்றே பயன்படுத்த வேண்டும். அல்லிசின் நிலையற்றது, புட்டியில் ஊற்றி மாதக்கணக்கில் வைத்த பூண்டுச் சாற்றில் நெடி மிஞ்சியிருக்கலாம், வேலை செய்யும் பொருள் மிஞ்சியிருக்காது.

வேப்பங்கொட்டைச் சாற்றை எடுக்கும் முறையும் இப்படிக் காரணத்தோடுதான் வகுக்கப்பட்டிருக்கிறது. 100 லிட்டர் சாற்றுக்கு 5 கிலோ பருப்பு என்று கணக்கு. இடித்த பருப்பைத் துணியில் கட்டி இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் பால் போல வெளுக்கும்வரை பிழிந்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்ப்பார்கள். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட பழைய கொட்டை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், சேமிப்பில் அதன் வீரியம் குறைந்துகொண்டே போவதுதான்.

சுருக்கமாக: செடியில் மருந்து இருப்பதும் சாற்றில் மருந்து இருப்பதும் ஒன்றல்ல. மஞ்சளுக்குத் தண்ணீர் உதவாது. பூண்டுக்குச் சூடு ஆகாது. வேப்பங்கொட்டைக்கு நாள் கடக்கக் கூடாது.

பூஞ்சையின் எந்த இடத்தில் அடி விழுகிறது?

ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், கிராம்பிலும் துளசியிலும் இருக்கும் யூஜெனால், கற்பூரவல்லி இலையில் இருக்கும் கார்வக்ரால் ஆகியவை எண்ணெயோடு எளிதில் கலப்பவை. பூஞ்சையின் சவ்வும் எண்ணெய்த் தன்மையுள்ளது என்பதால் அவை அதற்குள் புகுந்து அதன் கட்டைத் தளர்த்துகின்றன. சவ்வில் கசிவு ஏற்பட்டு உள்ளிருக்கும் உப்புகளும் சத்துகளும் வெளியேறுகின்றன. சப்போனின்களும் சவ்வையே தாக்குகின்றன. அவை எர்கோஸ்டீரால் போன்ற பொருள்களைப் பற்றிக்கொண்டு சவ்வில் துளை உண்டாக்குகின்றன.

அல்லிசின் செயல்படும் விதம் இன்னொன்று. உயிரணுவுக்குள் நடக்கும் வேலைகளையெல்லாம் நடத்துபவை நொதிகள். அவற்றில் பலவற்றில் கந்தகம் அடங்கிய ஒரு முனை உண்டு. அல்லிசின் அந்த முனையில் போய் ஒட்டிக்கொள்கிறது. பூட்டின் துளைக்குள் குச்சியை ஒடித்துவிட்டால் சாவி நுழையாதல்லவா, அதுபோலத்தான் இதுவும். ஒரே நேரத்தில் பல நொதிகள் முடங்குகின்றன.

எண்ணெய் வேறு விதமாக வேலை செய்கிறது. ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கும்வரை பூஞ்சை பிடிப்பதில்லை. எண்ணெய் வற்றி மாங்காய்த் துண்டு வெளியே தெரிந்த இடத்தில்தான் வெள்ளை படர்கிறது. இலைமேல் மெல்லியதாகப் படியும் வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் இதையொத்த காவலைத் தருகின்றன. வித்து இலையில் பற்றிக்கொள்ளவும் முளைக்கவும் அந்தப் படலம் இடம் தருவதில்லை. ஏற்கெனவே மேற்பரப்பில் இருக்கும் இழைகளையும் மூடி வாடச் செய்கிறது.

நான்காவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. வடக்கு ஜப்பானிலும் சகலின் தீவிலும் வளரும் ஒரு பெரிய புதர்ச்செடியின் சாறு, வெள்ளரியில் வரும் சாம்பல் நோயைக் குறைப்பது ஐரோப்பிய ஆய்வுகளில் தெரியவந்தது. அந்தச் சாறு முதன்மையாகச் செயல்படுவது பூஞ்சையின் மேல் அன்று, வெள்ளரியின் மேல்தான். எதிரி வந்துவிட்டதாக உணர்ந்த செடி, தன் தற்காப்புப் பொருள்களை முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்கிறது. இதற்குத் தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் என்று பெயர். அந்தச் சாற்றிலிருந்து உருவான மருந்துகள் வெளிநாடுகளில் முறையாகப் பதிவு செய்யப்பட்டு விற்பனையில் இருக்கின்றன.

ஆக, சவ்வைக் கசியச் செய்தல், நொதிகளை முடக்குதல், மேற்பரப்பை மூடுதல், செடியை விழிக்கச் செய்தல் என்று வழிகள் பல. ‘மூலிகைப் பூஞ்சைக்கொல்லி’ என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபட்ட வேலைகள் அடங்கியிருக்கின்றன.

வேப்பெண்ணெய்ப் புட்டியில் இருக்கும் எண்

வேம்பு மருந்து வாங்கப் போனால் 300 பிபிஎம், 1500 பிபிஎம், 10,000 பிபிஎம் என்று எண்கள் அச்சிட்ட புட்டிகளைக் கடைக்காரர் எடுத்துவைப்பார். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று பொருள். எண் கூடக் கூட விலையும் கூடும். பூஞ்சைக்கும் அதிக எண்ணே நல்லது என்று எண்ணி வாங்குகிறவர்கள் பலர்.

அந்த எண் அசாடிராக்டின் என்ற ஒரே பொருளின் அளவைக் குறிக்கிறது. அசாடிராக்டின் பூச்சிகளின் உணவு விருப்பத்தையும் தோலுரித்து வளர்வதையும் கெடுக்கும் பொருள். மாவுப்பூச்சியும் புழுவும் தொல்லை தந்தால் அந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம். சாம்பல் நோயைத் தடுப்பதில் பெரும்பங்கு எண்ணெய்க்குத்தான். ஆகவே பூஞ்சைக்காக 10,000 பிபிஎம் புட்டியைத் தேடிச் செல்வதில் பொருளில்லை. நல்ல வேப்பெண்ணெயே போதும்.

வேப்பெண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும் என்பதே ஒரு காலத்தில் வழக்குக்குப் போனது. வேப்ப விதையிலிருந்து எடுத்த எண்ணெய்ச் சாற்றால் செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994 இல் காப்புரிமை வழங்கியது. சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் அதை எதிர்த்தார்கள். இந்தியாவில் முன்பே வழக்கத்தில் இருந்த ஒன்றைக் கண்டுபிடிப்பாகக் கொள்ள முடியாது என்ற வாதம் ஏற்கப்பட்டு 2000 இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. இந்த வெற்றியைச் சொல்லி மகிழ்கிறவர்கள், அந்தக் காப்புரிமை எதைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். அது பூச்சிக்கானதன்று, பூஞ்சைக்கானது, அதுவும் எண்ணெய்ச் சாறு குறித்தது.

ஆய்வகத் தட்டும் மாடித் தோட்டமும்

‘இந்த இலைச்சாறு பூஞ்சையை இத்தனை சதவீதம் கட்டுப்படுத்தியது’ என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே வகைச் சோதனையிலிருந்து வருபவை. அதை நான் கையால் செய்திருக்கிறேன் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாற்றில் 20 கிராம் குளுக்கோசும், இறுகச் செய்வதற்கு அகர் என்ற கடற்பாசிப் பொருளும் சேர்த்து, கிருமிநீக்கம் செய்து, இளஞ்சூட்டில் மூலிகைச் சாற்றைக் கலந்து வட்டத் தட்டில் ஊற்றுவோம். அது ஜெல்லியாக உறைந்ததும் நடுவில் பொட்டளவு பூஞ்சையை வைப்போம். சாறு கலக்காத இன்னொரு தட்டிலும் அதேபோல் வைப்போம். ஒரு வாரம் கழித்து இரு தட்டுகளிலும் பூஞ்சை படர்ந்த வட்டத்தை அளவுகோலால் அளப்போம். சாறில்லாத தட்டில் 80 மில்லிமீட்டரும் சாறு கலந்ததில் 40 மில்லிமீட்டரும் இருந்தால், தடுப்பு 50 சதவீதம் என்று குறித்துக்கொள்வோம்.

சோதனையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதன் முடிவை மாடிக்கு எடுத்துச் செல்லும்போது மூன்று இடங்களில் வழுக்கும். தட்டில் பூஞ்சை ஒரு வாரமும் சாற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மாடியிலோ ஓமத்தின் தைமால் மணமாகக் காற்றில் கலந்துவிடுகிறது, அசாடிராக்டினைச் சில நாள் வெயிலே சிதைக்கிறது, ஒரு மழை மீதியைக் கழுவிவிடுகிறது. அடுத்ததாக, வட்டம் சிறுத்தது என்பதற்குப் பூஞ்சை செத்தது என்று பொருளில்லை. நின்றுபோன பூஞ்சையைச் சாறில்லாத புதுத் தட்டுக்கு மாற்றினால் அது பல முறை மறுபடி வளர்ந்துவிடும். வளர்ச்சியை நிறுத்துவது வேறு, கொல்வது வேறு. மூலிகைச் சாறுகள் பெரும்பாலும் செய்வது முதலாவதைத்தான்.

மூன்றாவது, ரோஜா வளர்ப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. சாம்பல் நோய்ப் பூஞ்சை உயிருள்ள இலையில் மட்டுமே வாழும். உருளைக்கிழங்கு ஜெல்லியில் அது வளரவே வளராது. ஆகவே தட்டுச் சோதனையை மட்டும் காட்டி ஒரு சாறு சாம்பல் நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால், அந்தச் சோதனை வேறொரு பூஞ்சையின் மேல் நடந்திருக்க வேண்டும்.

எல்லா நோயும் ஒன்றல்ல

சாம்பல் நோயின் இழைகள் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பிலேயே படர்கின்றன. உறிஞ்சும் வேர் போன்ற நுண்பகுதியை மட்டும் மேல்தோல் அணுக்களுக்குள் இறக்குகின்றன. கைக்கெட்டும் இடத்தில் எதிரி இருப்பதால், மேலே தெளிக்கும் எண்ணெய்க்கும் சாற்றுக்கும் அது அகப்படுகிறது. ரோஜாவின் கரும்புள்ளி நோய் அப்படியன்று. அதன் இழைகள் இலைக்குள் படர்ந்த பிறகே புள்ளி தெரியும். புள்ளியின் மேல் தெளிக்கும் சாறு கதவு சாத்திய பிறகு வாசலில் நிற்பது போலத்தான். இனி வரும் வித்தைத் தடுக்கலாம், உள்ளே போனதைத் தொட முடியாது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அந்தச் சில மணிநேரம் இங்கேதான் முக்கியமாகிறது: மூலிகைச் சாறு பெரும்பாலும் வித்து முளைத்து உள்ளே நுழையும் முன் வேலை செய்யும் காவல்.

பெயரில் குழப்பம் தரும் இன்னொரு நோய் உண்டு. பெங்களூர் ஊரகத்திலும் சிக்கபள்ளாப்பூரிலும் திராட்சை வளர்ப்பவர்கள் சாம்பல் நோயையும் பார்க்கிறார்கள், அடிச்சாம்பல் நோயையும் பார்க்கிறார்கள். அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் உயிரி உண்மையான பூஞ்சையே அன்று. ஊமைசீட் என்ற தனி வகை. உருவத்தில் பூஞ்சை போலிருந்தாலும் அதன் சுவர் முக்கியமாகச் செல்லுலோசால் ஆனது. எர்கோஸ்டீராலையும் அது தானாக உண்டாக்குவதில்லை. தொட்டியில் முளைத்த தக்காளி நாற்று தண்டருகில் நைந்து சாய்வதற்குக் காரணமாவதும் பெரும்பாலும் இந்த வகைதான். பூஞ்சையின் சவ்வைக் குறிவைக்கும் ஒரு பொருள் இங்கே பயன்படாமல் போவதில் வியப்பில்லை. நாற்றழுகலுக்குச் சாறு தேடுவதைவிட, தொட்டியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது பலமடங்கு பயன்தரும்.

‘இயற்கை’ என்றால் தீங்கற்றதா?

அரளியும் இயற்கைதான், அதன் இலை உயிரைக் கொல்லும். ஒரு பொருள் பூஞ்சையின் சவ்வைக் கிழிக்கிறது என்றால், இலையின் சவ்வையும் கிழிக்கக் கூடும். கிராம்பு எண்ணெயைக் களைக்கொல்லியாகவே வெளிநாடுகளில் விற்கிறார்கள். ஒரு முறை, லிட்டருக்கு 10 மில்லி கிராம்பு எண்ணெய் கலந்து எங்கள் செம்பருத்தியின் நான்கு இலைகளில் தெளித்துப் பார்த்தேன். மறுநாள் காலை, துளி நின்ற இடமெல்லாம் ஊதுபத்தி நுனியால் சுட்டது போலப் பழுப்பு வட்டங்கள்.

வேப்பெண்ணெயை நடுப்பகலில் தெளித்தாலும் இலை கருகும். கந்தகத் தூள் போட்ட செடிக்கு இரண்டு வாரமாவது எண்ணெய் தெளிக்காமல் இருப்பது நல்லது. சிறு குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை வாய்வழி கொடுத்துக் கடுமையான பாதிப்புகள் நேர்ந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. மருந்துப் புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கடையில் வாங்கும் எந்தப் பூஞ்சைக்கொல்லியும், மூலிகையானதாக இருந்தாலும், 1968 ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டதா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். உள்ளே என்ன பொருள், எவ்வளவு என்று எழுதாத ‘சர்வ மூலிகை’ப் புட்டிகளை நான் வாங்குவதில்லை.

அந்த ரோஜாவுக்கு என்ன செய்தோம்?

முதலில், வெள்ளை அதிகமாகப் படர்ந்த இலைகளைக் கிள்ளிக் காகிதப் பையில் போட்டுக் குப்பைக்கு அனுப்பினோம். ஒரு லிட்டர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு மில்லி திரவச் சோப்பைக் கலந்து, அதன் பிறகே 5 மில்லி வேப்பெண்ணெயை ஊற்றி, புட்டியை மூடி நன்றாகக் குலுக்கினோம். எண்ணெய் மேலே மிதக்காமல் நீர் முழுவதும் பால் போல வெளுத்தால்தான் கலந்ததாகப் பொருள். இரண்டு இலைகளில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்தோம், கருகவில்லை. பிறகு வாரம் ஒரு முறை, தேனீக்கள் அடங்கிய மாலை வேளையில், இலையின் அடிப்புறமும் நனையும்படி அவர் தெளித்துவந்தார். தொட்டிகளை நெருக்கமாக வைத்திருந்ததை விலக்கிக் காற்று ஓடச் செய்தோம்.

ஒரு கிளையில் மட்டும் தெளிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஆய்வகத்தில் சாறில்லாத தட்டு எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும். தவறித் தெளித்துவிடாமல் இருக்க, அந்தக் கிளையில் அவர் பூஜைக்கு வைத்திருந்த சிவப்பு நூலைக் கட்டினார். தெளிக்கும்போது அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டார்.

நான்காம் வாரம் என்னை மாடிக்கு அழைத்தார். நூல் கட்டிய கிளையின் தளிர்கள் ஓரம் சுருண்டு, முதுகில் மாவு பூசியது போலிருந்தன. மற்றக் கிளைகளில் புதிதாக வந்த இலைகள் செம்பு நிறத்தில் விரிந்திருந்தன. இரண்டு இலைகளில் மட்டும் சிறு வெண்பொட்டு. முன்பே நோய் கண்ட பழைய இலைகளின் தழும்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அவர் முகம் சற்று வாடியது. “பழசு திரும்பாதும்மா, புதுசைத்தான் காப்பாத்த முடியும்” என்றேன்.

நூல் கட்டிய கிளையை வெட்டிப் பைக்குள் போட்டோம். நூலை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டவர், “அடுத்தது பூண்டைப் பார்க்கலாம் அக்கா, பச்சையா நசுக்கி” என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தொட்டியில் எந்தக் கிளையை விட்டுவைப்பது என்று தேடத் தொடங்கினார்.